மருமகளுக்கு ஒரு சட்டம், மருமகனுக்கு ஒரு சட்டம்

என் கணவருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர், எனக்குக் கிள்ளான். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் திருமணச் சான்றிதழோடு நானும் கூடப் போய் உட்கார வேண்டும். என்னிடம் நீல மைகாட், மகனிடம் மைகிட். அவரிடம் கடப்பிதழ் மட்டும்.

மலேசிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண், 2 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு வழிவிடுகிறது. மலேசியப் பெண்ணின் கணவருக்கு அந்த வழியே இல்லை. மற்ற வெளிநாட்டவரைப் போல 19ஆவது பிரிவின்கீழ், 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வசித்து, மலாய் மொழியறிவும் இருந்தால்தான் கேட்கலாம்.

2024இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மலேசியத் தாய்மார்கள் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்கு வழிசெய்தது. மனமார்ந்த நன்றி. கணவர்களுக்கு மட்டும் விடிவில்லை. மகளுக்கும் மகனுக்கும் ஒரே நீதி வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.