நாக்கு குழறினால் கரையேறு

ஆற்றில் தங்கம் எடுப்பவரைக் கண்டால் “எவ்வளவு கிடைக்கும்?” என்றுதான் கேட்கத் தோன்றும். நானும் அதைத்தான் கேட்டேன். நியூசிலாந்தின் தென் தீவில் நாங்கள் தங்கிய விடுதியின் உரிமையாளர், முறையாகப் பெர்மிட் வாங்கிப் பல ஆண்டுகள் அந்தத் தொழில் செய்தவர். “எவ்வளவு நேரம் குளிராமல் தண்ணீருக்குள் இருக்க முடியும் என்று கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் தங்கம்” என்றார்.

அந்தப் பக்கம் ஒடாகோ வட்டாரம். 1861-இல் கேப்ரியல் ரீட் என்பவர் தங்கம் கண்டுபிடித்ததும் உலகமே அங்கே ஓடியது. அடுத்த ஆண்டே ஷோட்டோவர், ஏரோ ஆறுகளிலும் தங்கம் கிடைத்தது. 1863 குளிர்காலத்தில் வெள்ளமும் பனியும் சேர்ந்து வந்து பலரைக் கொண்டுபோயின. அரோடவுனில் அந்தக் காலத்துச் சீனத் தொழிலாளர்களின் குடிசைகளை இன்றும் பார்க்கலாம். குனிந்து நுழைய வேண்டிய சின்னஞ்சிறு அறைகள். சின்ன அறைதான் சீக்கிரம் சூடாகும்!

ஏரோ ஆற்றில் சுற்றுப்பயணிகளும் தட்டு வைத்துத் தங்கம் அரிக்கலாம். கையால் மட்டும், இயந்திரம் கூடாது. நானும் மனைவியும் ஆளுக்கொரு தட்டோடு இறங்கினோம். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பத்தே நிமிடத்தில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. இயந்திரத்தோடு தங்கம் எடுப்பவர்கள் அதே தண்ணீரில் முழுவதுமாக மூழ்கி, மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள்.

நம் பேராக்கில், தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயம் தோண்டும் கப்பலைப் போன்ற பெரிய இயந்திரம் அல்ல அது. மிதவை மேல் ஓர் எஞ்சின், ஒரு பம்பு, ஒரு சலிப்புப் பெட்டி. அவ்வளவுதான். தங்கம் மணலைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு எடை கூடியது. அதனால் ஆற்றின் அடிமட்டப் பாறை இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்க ஆள் கீழே போய், கல்லைப் புரட்டி, குழாயால் உறிஞ்ச வேண்டும். ஓட்டம் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க இடுப்பில் ஈயக் கட்டிகள். மூச்சுக்கு மேலேயிருந்து ஒரு காற்றுக் குழாய்.

தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். அதனால் தடித்த நியோப்ரீன் உடை. அந்த ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள்தான் சூட்டைக் காக்கின்றன. நெஞ்சுப் பகுதிக்கு இரட்டை அடுக்கு, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. அதுவும் போதாத இடங்களில் எஞ்சின் புகைக்குழாயின் சூட்டால் ஆற்று நீரையே சுடவைத்து, ஒரு குழாய் வழியாக உடைக்குள் ஓடவிடுகிறார்கள். அணிந்திருப்பவருக்கு வெந்நீர்க் குளியல் மாதிரி!

இதிலும் ஆபத்து உண்டு. மரத்துப்போன தோலுக்குச் சூட்டின் அளவு தெரியாது, வெந்து போகலாம். எனவே குழாயை உடைக்குள் விடும் முன்பே சூட்டைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் புகை காற்றுக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிவிடும். ஆற்றடியில் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு, “எல்லாவற்றிலும் முக்கியமான கருவி எது?” என்றேன். “கரையில் உட்கார்ந்திருக்கும் ஆள்” என்றார். கீழேயிருந்து எழுந்து வரும் ஒவ்வொரு முறையும் கூட்டாளி அவரிடம் பேச்சுக் கொடுப்பாராம். வானிலை, சாப்பாடு, எதையாவது. பதில் குழறினால் அன்றைய வேலை முடிந்தது. “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் விடமாட்டாராம்.

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. குளிர்ந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் அதிகாலையில் உட்கார்ந்தால், உதடு இறுகி ‘ழ’கரம் நழுவுவதை நாங்கள் அறிவோம். அங்கே அது வெறும் உச்சரிப்புச் சிக்கல். ஆற்றில் அது எச்சரிக்கை மணி. உடம்பின் உள்சூடு 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், விரல் தடுமாறும், நடை தள்ளாடும். மூளையும் மந்தமாகிவிடுவதால் தனக்கு ஆபத்து என்பது குளிர்பட்டவருக்கே தெரியாது. வேறொருவர்தான் கவனிக்க வேண்டும். நடுக்கம் என்பது உடம்பே போட்டுக்கொள்ளும் அடுப்பு. சூடேற்றாமலே அது நின்றுவிட்டால் ‘தேவலாம்’ என்று நினைக்கக் கூடாது. அப்போதுதான் ஆபத்து அதிகம்.

நமக்குக் குளிர் என்றால் ஏர்கோனும் கேமரன் மலையும்தான். இப்போது பள்ளி விடுமுறை வந்தால் ஜப்பான், கொரியா, நியூசிலாந்து என்று கிளம்பிவிடுகிறோம். அங்கேயும் “கொஞ்சம் தாங்கிக்கோ, இன்னும் ரெண்டு படம் எடுத்துட்டுப் போயிடலாம்” என்கிறோம். அப்பா பிள்ளைக்குச் சொல்கிறார். பிள்ளை பாட்டிக்குச் சொல்கிறது. குளிரைத் தாங்குவது வீரமல்ல என்பதை, குளிரிலேயே பிழைப்பு நடத்திய மனிதர்தான் எனக்குச் சொன்னார்.

யாருக்காவது வாய் குழறினால் உதவிக்கு அழையுங்கள். காற்றடிக்காத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றி, நெஞ்சையும் வயிற்றையும் போர்வையால் மூடுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் சூடான இனிப்பு மைலோ கொடுங்கள். மது கூடவே கூடாது. அது தோலுக்கு இரத்தத்தை வரவழைத்து, இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

படம் நாளைக்கும் எடுக்கலாம். தங்கமும் அப்படித்தான், பாறை இடுக்கில் அத்தனை காலம் கிடந்தது, இன்னும் ஒரு நாள் கிடக்கும்.