பாறையை விடாத சிப்பி... குமரிக் கடலோரத்தின் ‘நூல்’ ரகசியம்!

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கம் போனால், அலையில் நனையும் பாறைகளில் பழுப்புத் திட்டுகள் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்... அத்தனையும் சிப்பிகள்!

ஆளையே புரட்டிப்போடும் அலையில் இவை எப்படி விழாமல் இருக்கின்றன?

சிப்பிக்குள் நாக்கு போல ஒரு பாதம் உண்டு. அதை நீட்டிப் பாறையைத் தடவிப் பார்க்கும். இடம் பிடித்துவிட்டால், பாதத்தின் நடுவிலுள்ள பள்ளத்தில் புரதத்தைச் சுரக்கும். சில நிமிடங்களில் அது நூலாகிவிடும். நூலின் நுனியில் பொட்டு மாதிரி ஒரு பசைத்தட்டு. இப்படிப் பல திசைகளிலும் நூல் கட்டி, கூடாரம் போல நின்றுகொள்ளும். சமைப்பதற்கு முன் நம் வீடுகளில் பிய்த்துப் போடுகிறோமே, அந்த நார்தான் இது!

ஈரத்திலும் ஒட்டும் இந்தப் பசையின் முக்கியப் புரதத்தை 1981-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் வெயிட் குழுவினர் கண்டறிந்தனர். அறுவை சிகிச்சைக்கான பசைகளை உருவாக்கும் ஆய்வுகளுக்கு இதுவும் ஒரு முன்மாதிரி.

ஆனால், எல்லாப் பாறையும் சிப்பிக்கு ஒன்றல்ல. சொரசொரப்பும் வெடிப்பும் உள்ள பாறையில் பிடிமானம் அதிகம். குஞ்சுகளுக்கு அலையிலிருந்து மறைவும் கிடைக்கும். வழவழப்பான பாறையில் அந்த வசதி இல்லை. பாசி படிந்த இடத்தில் பசை பாசிமேல்தான் ஒட்டும். பாசி பெயர்ந்தால் சிப்பியும் போச்சு. அலைத் தடுப்புக்காகக் கொட்டிய கருங்கல்லிலும் சிப்பி குடியேறிவிடும். கயிற்றைக்கூட விடாது. விதைச் சிப்பிகளைக் கயிற்றில் வைத்துப் பருத்தித் துணியால் சுற்றிக் கடலில் தொங்கவிடுவார்கள். துணி மக்குவதற்குள் அவை கயிற்றைப் பற்றிக்கொள்ளும். சிப்பி வளர்ப்பின் சூட்சுமமே இதுதான்.

குஞ்சுகளுக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு இடம், பெரிய சிப்பிகளின் நூல் பின்னல்!

இங்கேதான் சிக்கல். இடுப்பில் வலைப்பையுடன் மூச்சடக்கி மூழ்கும் மீனவர்கள், இரும்புக் கருவியால் சிப்பியைப் பெயர்த்தெடுக்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் தொழில். பெரியதை மட்டும் எடுத்தால் பின்னல் மிஞ்சும். மொத்தக் கொத்தையும் சுரண்டிவிட்டால், குஞ்சுகளும் போகும். அடுத்து வருபவை தங்கும் இடமும் போகும்.

மழைக்காலம் முடிந்து புதுக் குஞ்சுகள் பாறை தேடி வரும். அவற்றுக்காகக் கொஞ்சம் நூலை விட்டுவைத்தால், அடுத்த வருடமும் மரவள்ளிக்கிழங்கோடு சிப்பிக் கறி மணக்கும்!