பன்னிரண்டு குடும்பங்கள் எழுப்பிய தேவாலயம்

சிங்கப்பூரில் ஹில் ஸ்திரீட் வழியாகச் செல்பவர்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வெள்ளை நிறத் தேவாலயம் ஒன்றைக் காணலாம். அது அளவில் சிறியது. கூரையின் மேல் ஒரு கூர்மையான கோபுரம் இருக்கும். சுற்றிலும் பசும்புல் தோட்டம் இருக்கும். சிங்கப்பூரில் இன்று நிலைத்திருக்கும் கிறிஸ்துவத் தேவாலயங்களுள் மிகப் பழையது இதுவே. இதை எழுப்பியவர்கள் நாட்டை ஆண்டவர்கள் அல்லர். எண்ணிக்கையில் மிகுந்தவர்களும் அல்லர். ஏறத்தாழ பன்னிரண்டு ஆர்மேனியக் குடும்பங்களே இம்முயற்சியைத் தொடங்கின.

ஆர்மேனியா மேற்கு ஆசியாவில் உள்ள மலைநாடு. கிறிஸ்துவ சமயத்தை அரச சமயமாக ஏற்ற முதல் நாடு என்று அது போற்றப்படுகிறது. அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாக வணிகத்தின் பொருட்டுப் பல திசைகளுக்கும் சென்றனர். பாரசீகம், இந்தியா, ஜாவா எனச் சென்ற இடமெல்லாம் சிறு சிறு குழுக்களாக வாழ்ந்தனர். தமிழருக்கும் அவர்கள் புதியவர்கள் அல்லர். சென்னையில் அவர்கள் வாழ்ந்த தெரு ‘ஆர்மேனியன் தெரு’ எனப் பெயர் பெற்றது. அப்பெயர் மக்கள் நாவில் மருவி ‘அரண்மனைக்காரன் தெரு’ என்றானது. அங்கு அரண்மனை எதுவும் இல்லை; 1772ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயம்தான் இருக்கிறது.

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் துறைமுகம் அமைத்தனர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆர்மேனிய வணிகர்களும் இங்கு வந்து சேர்ந்தனர். வாணிகம் வளர்ந்தது, ஆனால் ஒரு குறை இருந்தது. வழிபாடு நடத்த அவர்களுக்குக் குரு இல்லை. அவர்கள் பாரசீகத்தில் இருந்த தங்கள் சமயத் தலைவருக்குக் கடிதம் எழுதி, ஒரு குருவை அனுப்பும்படி வேண்டினர். கப்பலையே நம்பியிருந்த அக்காலத்தில் கடிதம் போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். 1827ஆம் ஆண்டில் குரு ஒருவர் வந்து சேர்ந்தார். அதன்பின் வணிகப் பகுதியிலிருந்த ஓர் அறையில் வழிபாடு நடைபெற்றது.

அறை ஒன்று கிடைத்துவிட்டதே, அதுவே போதாதா என்று சிலர் கேட்கலாம். வழிபட மட்டும் என்றால் ஓர் அறை போதும். ஆனால், பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டுவது எங்கே? திருமணம் நடத்துவது எங்கே? மறைந்தோரை நினைத்து ஒன்றுகூடுவது எங்கே? கடைத்தெருவில் பல மொழிகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள், தங்கள் தாய்மொழியைப் பலரும் கூடிப் பேசக் கேட்பது எங்கே? சொந்த ஊரை விட்டு வந்த சிறு சமூகத்திற்கு ஒரு பொது இடம் இல்லையென்றால், ஓரிரு தலைமுறைக்குள் அது தன் அடையாளத்தையே இழந்துவிடலாம்.

1833ஆம் ஆண்டில் அவர்கள் நிலையான தேவாலயம் ஒன்றைக் கட்டும் முயற்சியில் இறங்கினர். இது எளிய முடிவு அன்று. வணிகர்கள் இலாபம் எங்கே இருக்கிறதோ அங்கே செல்பவர்கள். துறைமுகம் நொடித்தால் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். கையிலிருக்கும் பணத்தைச் சரக்கில் போட்டால் திரும்ப எடுக்கலாம். சுவரில் போட்டால் எடுக்க முடியாது. அப்படியிருந்தும் அவர்கள் சுவரில் போடத் துணிந்தனர். ‘இது நாங்கள் தங்கிச் செல்லும் ஊர் மட்டுமன்று, வாழப் போகும் ஊர்’ என்று அறிவிப்பதுபோல் அம்முடிவு அமைந்தது.

அரசாங்கம் குன்றின் அடிவாரத்தில் நிலம் வழங்கியது. கட்டட வரைபடத்தை ஜார்ஜ் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் தயாரித்தார். 1835ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1836ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஆர்மேனியாவுக்குக் கிறிஸ்துவ சமயத்தை அளித்த புனித கிரகோரியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வெயிலும் மழையும் மிகுந்த நம் நாட்டுக்கு ஏற்ப, காற்றோட்டமான சன்னல்களும் நிழல் தரும் முகப்பு மண்டபங்களும் அமைக்கப்பட்டன.

ஆன செலவு 5,058 வெள்ளி 30 காசு. இன்று அத்தொகை சிறியதாகத் தோன்றலாம். ஒரு சில குடும்பங்களுக்கு அக்காலத்தில் அது பெருந்தொகை. அவர்கள் முதலில் தங்களுக்குள் பணம் திரட்டினர். அது போதவில்லை. இந்தியாவிலும் ஜாவாவிலும் வாழ்ந்த ஆர்மேனியர்கள் உதவினர். சிங்கப்பூரில் இருந்த ஐரோப்பியர் சிலரும் நன்கொடை அளித்தனர்.

கொடுப்பதைவிடக் கேட்பது கடினம். நாள்தோறும் பேரம் பேசிப் பழகியவர்களுக்கும், பொதுக் காரியத்துக்காகக் கை நீட்டும்போது தயக்கம் வரும். ஆனால், தம் பங்கை முதலில் வைத்துவிட்டுக் கேட்பவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ‘ஊர் கூடித் தேர் இழு’ என்பது நம் பழமொழி. தேரின் வடத்தை முதலில் பிடிக்க ஒரு சிலர் வேண்டும். அதைப் பார்த்த பிறகே மற்றவர்களின் கைகளும் நீளும்.

அதே காலத்தில் சிங்கப்பூரின் மற்ற சமூகத்தினரும் இவ்வாறே செயல்பட்டனர். சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழர்கள் மாரியம்மன் கோயிலை அமைத்தனர். தெலுக் ஆயர் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்காவைக் கட்டினர். அதே தெருவில் சீனர்கள் தியன் ஹோக் கெங் கோயிலை எழுப்பினர். சமயங்கள் வேறு, புதிய மண்ணில் வேரூன்ற வேண்டும் என்ற ஏக்கம் ஒன்றுதான்.

அர்ப்பணிப்பு விழாவோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் கூரையின் மேலிருந்த அமைப்பு பாதுகாப்பற்றது எனத் தெரிந்தது. அதை அகற்ற வேண்டியதாயிற்று. இன்று நாம் காணும் கோபுரம் 1853ஆம் ஆண்டில் அமைந்தது. பிறகு சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் மணி வாங்கிக் கொடுத்தார். 1905ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி, மறைந்த தம் கணவரின் நினைவாகக் குருவுக்கு இல்லம் கட்டிக் கொடுத்தார். 1909ஆம் ஆண்டில் மின்விளக்குகளும் மின்விசிறிகளும் வந்தன. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே வந்தது.

எண்ணிக்கையில் சிறியதாக இருந்த அச்சமூகம் நாட்டுக்கு அளித்தவை பல. ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கியவர்கள் ஆர்மேனியரான சார்க்கீஸ் சகோதரர்கள். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மேனியப் பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கல்லறைக் கல்லை இத்தேவாலயத் தோட்டத்தில் காணலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆர்மேனியர் பலர் வேறு நாடுகளில் குடியேறினர். வழிபாட்டுக்கு வருவோர் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் எஞ்சியவர்கள் தேவாலயத்தைக் கைவிடவில்லை. 1973ஆம் ஆண்டில் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று எந்த இனத்தவரும் சமயத்தவரும் அதன் தோட்டத்தில் சற்று நேரம் அமர்ந்து செல்லலாம்.

நன்கொடை அளித்தவர்களுள் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அவர்கள் அன்று கொடுத்த பணத்தால் நேரடிப் பயன் பெற்றவர்களைவிட, அவர்கள் அறியாத பிற்காலத்தவரே மிகுதியாகப் பயன் பெற்றுள்ளனர். பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதன் சிறப்பு இதுதான். பள்ளியில் நூலகத்துக்காக உண்டியல் குலுக்கும்போதும், கோயில் திருப்பணிக்காக வீட்டிலுள்ள பெரியவர்கள் பணம் எடுத்து வைக்கும்போதும், நாமும் முகம் தெரியாத யாருக்கோ ஒரு செங்கல்லை எடுத்து வைக்கிறோம்.