வாரா நிலை

பொறியியல் கற்று மேன்மையுற்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர் நடுவே தமிழாசிரியன் ஒருவன் தருக்கப் படலைகளைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒரு சொல்லே. உயர்தர வகுப்பு மாணவர் “டோன்ட் கெயார்” நிலைக்குத் தக்க தமிழ்ச்சொல் யாதென வினாவினர். பொருளறியாது சொற்கூறல் முறையன்றாதலின், பொருளை எனக்குக் கற்பிக்குமாறு அவர்களையே வேண்டினேன்.

ஏ, பீ, சீ, டீ என்னும் நான்கு மாறிகள் முறையே 8, 4, 2, 1 என்னும் பெறுமானம் உடையன. ஒவ்வொன்றும் 0 அல்லது 1 ஆகலின் 16 சேர்மானங்கள் உள. இலக்கங்களோ 0 முதல் 9 வரை பத்தே. எஞ்சிய ஆறும் வாரா. 8, 9 ஆகிய இரண்டிற்கு மாத்திரம் ஒரு விளக்கு எரியவேண்டும் எனக் கொள்வோம். எட்வேட் வீச் 1952இல் வகுத்ததைத் திருத்தி, 1953இல் மோரிஸ் கானோ வெளியிட்ட வரைபடத்திலே அயற்கட்டங்கள் ஒரு மாறியிலேயே வேறுபடும். அதில் 8, 9 ஆகிய கட்டங்களை இணைப்பின், “ஏ உண்டு, பீ இல்லை, சீ இல்லை” என்னும் கோவை பெறப்படும். இதற்கு இரண்டு நொட் படலைகளும் ஓர் அன்ட் படலையும் வேண்டும். (நம்மூர் வேலிப் படலை இப்பாடத்திற் புகுந்தமை எனக்குப் பெருமகிழ்ச்சி.)

வாராத ஆறு கட்டங்களிலும் பெருக்கற்குறி இட்டு, பயன்படுமிடத்து அவற்றை 1 எனக் கொள்ளலாம். அவ்வாறு கொள்ள, எட்டுக் கட்டங்கள் ஒரு தொகுதியாகிக் கோவை “ஏ” என்னும் ஓரெழுத்தாய்ச் சுருங்கும். படலை ஒன்றும் வேண்டா. கம்பி ஒன்றே போதும்! அக்குறிகள் யாவற்றையும் வளைத்தே தீரவேண்டுமென்பது மாணவரிடை வழங்கும் பிழை. 0 என்னும் இலக்கத்தை மாத்திரம் இனங்காண வேண்டின், அதன் அயலில் அக்குறி ஒன்றுமில்லை. ஆறும் 0 ஆகவே விடப்படும்.

நன்னூலாரும் இவ்வாறே செய்தார். தமிழ்ச்சொல்லின் ஈற்றில் வல்லின மெய் வாராது; ஆதலின் அதற்குப் புணர்ச்சிவிதி கூறாது நூலைச் சுருக்கினார். இன்றோ மாணவன் “பேஸ்புக்” என்று எழுதி, அதன்பின் வலி மிகுமா என்று கேட்கிறான்!

“கவலையில்லை” என்னும் மொழிபெயர்ப்பை யான் விரும்பவில்லை. கவலையின்மைக்கு இரு காரணங்கள் உள. உள்ளீடு வாராதாயின் அது வாரா நிலை. வந்தும் வெளியீட்டை எவரும் நோக்காராயின் அது நோக்கா நிலை. முன்னதிலேதான் இடர் பெரிது. வாராதென எண்ணிய 1010 பழுதினால் வந்துவிடின், நமது விளக்கு கூசாமல் எரியும். தாளிற் பெருக்கற்குறி இருப்பினும், சுற்றினுள் 0, 1 அன்றி மூன்றாவதில்லை.

ஏழு துண்டு விளக்கால் இலக்கங்காட்டும் 7447 என்னும் சில்லிற்கு 1010 கொடுப்பின், இலக்கமல்லாத விநோத வடிவம் ஒன்று தோன்றும். 4511 என்னும் சில்லோ அவ்வாறு நிலைகளிலும் ஏழு துண்டுகளையும் அணைத்துவிடும். மாணவர் இரண்டையும் ஆய்கூடத்தில் இணைத்து நோக்குவாராக.