நான்கு ஆண்டுகள் எதற்கு?

பாலே ஆடுகிறவர்களுக்குக் காலம் குறைவு. எட்டு ஒன்பது வயதில் கற்கத் தொடங்கி, பதினெட்டை ஒட்டி ஏதாவதொரு நடனக் குழுவில் சேர்ந்து, நாற்பதுக்குள் மேடையை விட்டு இறங்கிவிடுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். உடம்பு உச்சத்தில் இருக்கும் அந்த வயதில் நான்கு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கலாமா என்ற வாதம் அமெரிக்க பாலே உலகத்தில் வெகுகாலமாக நடக்கிறது. பதினெட்டு வயதுக்காரரைத் தேடும் குழு இயக்குநரின் கண்ணுக்கு, இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி காலம் கடந்து வந்தவர். இது தெரிந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் பல்கலைக்கழக பாலே படிப்பில் சேர்கிறார்கள். அவர்களுக்கு என்ன கற்பிக்கிறார்கள், எதற்காகக் கற்பிக்கிறார்கள் என்று நேரில் பார்க்க யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருந்தேன்.

வாசாட்ச் மலையின் அடிவாரச் சரிவில் இருக்கிறது யூட்டா பல்கலைக்கழகம். நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் மூச்சு வாங்கும். நடனத்துக்கென்றே 1989-இல் திறக்கப்பட்ட மாரியட் மையத்தில்தான் வகுப்புகள். உள்ளே இருக்கும் சிறிய அரங்கத்துக்கு ஹேய்ஸ் கிறிஸ்டென்சன் என்று இருவர் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எலிசபெத் ஹேய்ஸ் இங்கே நவீன நடனத்துக்கு வேர் ஊன்றியவர். வில்லம் கிறிஸ்டென்சன் பாலேவுக்கு. நீண்ட காலம் தனித்தனித் துறைகளாக நடந்த இரண்டும் இப்போது ஒரே நடனப் பள்ளிக்குள் இருக்கின்றன.

காலை வகுப்புக்கு மாணவர்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்து ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுக்கிறார்கள், இடுப்பைத் தளர்த்துகிறார்கள், பேச்சு குறைவு. தரைக்கு அடியில் மரச்சட்டங்கள் இலேசாக அமுங்கி எழும்படி அமைந்திருக்கின்றன. மேலே வழுக்காத வினைல் விரிப்பு. கான்கிரீட்டில் குதித்தால் தாடை எலும்பு வரை அதிரும் என்பது பரதம் ஆடியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவரை ஒட்டி ஓடும் கைப்பிடிக் கம்பியை ‘பார்’ என்கிறார்கள். வகுப்பின் முதல் பாதி முழுக்க அதன் அருகில்தான்.

தொடக்கம் ப்ளியே. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கி இறங்கி எழுவது. பார்த்த மாத்திரத்தில் நம் அரைமண்டி நினைவுக்கு வரும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, தொடையெலும்பு இடுப்பு மூட்டுக்குள் வெளிநோக்கிச் சுழல்வது. ஆனால் நாம் அரைமண்டியில் தங்கி, அங்கிருந்தே தரையைத் தட்டுகிறோம். பாலே அதில் தங்குவதில்லை. மேலே எழும்புவதற்கான விசையை அங்கே சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ப்ளியேவுக்குப் பிறகு தாந்து, ரோன் த ஜாம்ப், ஃபோந்து, ஃப்ராப்பே என்று வரிசை போகிறது. 1661-இல் பதினான்காம் லூயி மன்னர் பாரிஸில் நடனக் கழகம் அமைத்த காலத்திலிருந்து இந்தக் கலையின் சொற்கள் பிரெஞ்சுதான். யூட்டாவில் வளர்ந்த பிள்ளையும் டோக்கியோவில் வளர்ந்த பிள்ளையும் ஒரே சொல்லைக் கேட்டு ஒரே அசைவைச் செய்வார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஆசிரியர் திருத்திய முறை. குழு ஒன்றில் பல ஆண்டுகள் ஆடிவிட்டுக் கற்பிக்க வந்தவர் அவர். ஒரு மாணவியின் அருகில் போய் நின்றார். பார்வைக்கு அந்தப் பெண்ணின் பாதங்கள் அழகாக விரிந்திருந்தன.

“எங்கிருந்து திரும்பியிருக்கிறாய்?”

“இடுப்பிலிருந்து.”

“அப்படியென்றால் உன் முழங்கால் ஏன் பாதம் பார்க்கும் திசையைப் பார்க்கவில்லை?”

மாணவி குனிந்து பார்த்தாள். இடுப்பு தராத திருப்பத்தைப் பாதத்தைத் தரையில் அழுத்தி வாங்கியிருந்தாள். வித்தியாசம் முழங்காலில் முறுக்காக நின்றது. பாதங்களைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தாள். கோணம் குறைந்தது, பார்வைக்கு அழகும் சற்றுக் குறைந்தது. ஆசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். தொழில்முறைப் பள்ளிகளிலும் இதைத் திருத்துவார்கள், சந்தேகமில்லை. இங்கே அந்தப் பெண் அதே வாரத்தில் உடற்கூறு வகுப்பில் இடுப்பு மூட்டின் குழியையும், தொடையெலும்பின் கழுத்து ஆளுக்கு ஆள் வேறு கோணத்தில் இருப்பதையும் படித்திருக்கிறாள். தன் எலும்பு எவ்வளவு தரும், எவ்வளவு தராது என்று தெரிந்துகொண்டு ஆடுவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். முழங்கால் போய், கணுக்காலின் பின்புறத் தசைநார் வீங்கி, இருபது வயதில் ஆட்டத்தை விட்ட பிள்ளைகள் இந்தக் கலையில் ஏராளம். காரணம் சொல்லித்தர ஆள் இல்லாததால் விட்டவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

அறை மூலையில் பியானோ வாசிப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒரு பயிற்சியை வாயாலும் கைவிரல்களாலும் சொல்லிக் காட்டுகிறார். சொல்லி முடித்து மூச்சு விடுவதற்குள் அதற்குப் பொருந்தும் இசை வந்துவிடுகிறது. தாளும் இல்லை, முன்னேற்பாடும் இல்லை. ப்ளியேவுக்கு நிதானமான மும்மைத் தாளம், ஃப்ராப்பேவுக்கு வெட்டி வெட்டி இரட்டைத் தாளம், பெரிய தாவல்களுக்கு அறையே நிறையும் வால்ட்ஸ். அவர் கண் பியானோ கட்டைகள் மேல் இல்லை, ஆடுகிறவர்களின் முழங்கால் மேல் இருக்கிறது. இறங்கும் வேகத்தை அங்கேதான் பார்க்க முடியும் என்றார். மூத்த மாணவர்கள் தாங்களே ஒரு பயிற்சியைக் கோத்து, என்ன தாளம், என்ன வேகம், எத்தனை எண்ணிக்கை முன்னோட்டம் என்று அவரிடம் கேட்டு வாங்கப் பழக வேண்டும். தெளிவில்லாமல் கேட்டால் கேட்டபடியே வாசித்துவிடுவாராம். அப்போது தப்பு எங்கே என்பது எல்லோர் கால்களிலும் தெரிந்துவிடும்.

இடைவேளையில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் சுவரில் சாய்ந்து பாயிண்ட் ஷூவில் நாடா தைத்துக்கொண்டிருந்தார். நுனிவிரலில் நிற்க உதவும் இந்தக் காலணிக்குள் மரமோ இரும்போ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நம் கொலுவில் வைக்கும் காகிதக்கூழ் பொம்மை போலத்தான் அதன் முனை. துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக இறுகி விரல்களைச் சுற்றி ஒரு கூடாகியிருக்கிறது. வியர்வை பட்டால் பசை இளகும். மேடையில் கடுமையாக ஆடினால் ஒரே இரவில் ஒரு ஜோடி செத்துவிடும், விலையோ நூறு டாலருக்கு மேல். நாடாவையும் எலாஸ்டிக்கையும் ஒவ்வொருவரும் தன் கணுக்காலுக்கு ஏற்பத் தானே தைத்துக்கொள்ள வேண்டும். புது ஷூவின் அடித்தகட்டை இவர் கையால் வளைத்தார், முனையைச் சுவரில் தட்டினார், சாட்டின் துணியின் நுனியை வழுக்காதிருக்க ஊசியால் குத்திப் பின்னினார். 1832-இல் மரி தாலியோனி ‘லா சில்ஃபீட்’ பாலேயில் விரல்நுனியில் மிதந்ததைப் பேசும்போது, அவர் காலணியில் இந்தக் கூடு கிடையாது, முனையில் தையல் மட்டுமே இருந்தது என்றார் அந்த மாணவி, ஊசியை நிறுத்தாமல். வரலாற்று வகுப்பில் படித்தது கையில் இருக்கும் வேலையோடு இப்படி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு மனம் நிறைந்தது.

இந்த பாலே துறை எப்படி வந்தது என்பதில்தான் அதன் நோக்கமும் இருக்கிறது. வில்லம் கிறிஸ்டென்சன் 1902-இல் இதே மாநிலத்தின் பிரிகாம் சிட்டியில் பிறந்தவர். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய, மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தாத்தா காலம் முதல் இசையும் நடனமும் கற்பித்துப் பிழைத்தவர்கள். மார்மன்களுக்கு நடனம் பாவமல்ல. 1847-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய நாடக அரங்கத்தையே கட்டிவிட்டார்கள். வில்லமும் தம்பிகள் ஹெரால்ட், லூ ஆகியோரும் பலவகை ஆட்டபாட்ட நிகழ்ச்சிகள் நடக்கும் வாட்வில் மேடைகளில் ஊர் ஊராகப் பாலே ஆடினார்கள். பிறகு வில்லம் போர்ட்லண்டில் பள்ளி வைத்து, 1937-இல் சான் பிரான்சிஸ்கோ போனார். ‘ஸ்வான் லேக்’ முழுமையாக அமெரிக்கக் குழுவொன்றால் முதன்முதலில் மேடையேறியது அங்கே, 1940-இல். 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், இன்று அமெரிக்கா முழுதும் டிசம்பர்தோறும் தவறாமல் ஆடப்படும் ‘நட்கிராக்கர்’ பாலேயின் முதல் முழு அமெரிக்க அரங்கேற்றமும் அவருடையது. ரஷ்யாவில் சிறுவயதில் அதை ஆடிய பலன்ஷினும் டனிலோவாவும் நினைவிலிருந்து சொன்னதைக் கேட்டு அமைத்தது.

இப்படிப்பட்டவர் 1951-இல் எல்லாவற்றையும் தம்பி லூவிடம் விட்டுவிட்டு, சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் பாலே கற்பிக்க வந்தார். அதிலிருந்து உருவானதே நாட்டின் முதல் பல்கலைக்கழக பாலே துறை என்று யூட்டா சொல்கிறது. டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 1949-லேயே பாலே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறது. யார் முதல் என்பது எனக்கு முக்கியமில்லை. அதுவரை பல்கலைக்கழகங்களுக்குள் பாலேவுக்குப் பெரிதாக இடமில்லை என்பதுதான் முக்கியம். நடனம் உள்ளே வந்தது பெண்கள் உடற்பயிற்சித் துறை வழியாக. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-இல் முதல் நடனப் பட்டப்படிப்பை உருவாக்கிய மார்கரெட் ஹெச்டப்ளர், வகுப்புக்கு எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து மூட்டு எப்படி அசைகிறது என்று காட்டினார். மேடைக்காரர்களை உருவாக்குவது அவர் நோக்கமல்ல. நடனத்தின் வழியே மனிதரை வளர்ப்பது. பாலே அதற்கு நேரெதிரான பயிற்சி என்றே அந்தத் தலைமுறைக் கல்வியாளர்கள் நினைத்தார்கள். இன்று யூட்டாவின் பாலே வகுப்பில் ஆசிரியர் கேட்ட அந்த முழங்கால் கேள்வி, ஹெச்டப்ளரின் வழியிலிருந்தும் வந்த கேள்விதான். இரண்டு மரபுகளும் ஒரே கட்டிடத்தில் இருப்பதன் லாபம் அது.

மாணவர்கள் ‘மிஸ்டர் சி’ என்று அழைத்த கிறிஸ்டென்சன், 1955 முதல் வளாகத்துக் கிங்ஸ்பரி அரங்கில் நட்கிராக்கரை மேடையேற்றினார். 1963-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு யூட்டா சிவிக் பாலே என்ற குழு பிறந்தது. 1968-இல் அதுவே பாலே வெஸ்ட் ஆனது. இன்றும் அந்தக் குழு நகரத்தில் அவருடைய நட்கிராக்கரை ஆடுகிறது. குழு முதலில், அதற்கு ஆள் தயார் செய்யப் பள்ளி பிறகு என்பதே பெரும்பாலான ஊர்களில் வரிசை. இங்கே வகுப்பறையிலிருந்து குழு வளர்ந்தது. அவரிடம் கற்ற மைக்கேல் ஸ்மூவின் பிற்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ பாலேயின் இணை இயக்குநரானார். கென்ட் ஸ்டோவெல் சியாட்டிலின் பசிபிக் நார்த்வெஸ்ட் பாலேயை மனைவியோடு சேர்ந்து பல்லாண்டு நடத்தினார்.

ருக்மிணி தேவியை நினைக்காமல் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் முதலில் கற்றது பாலேதான். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலில், அவர் குழுவைச் சேர்ந்த க்ளியோ நோர்டியிடம். உன் நாட்டுக் கலையைப் பார் என்று பாவ்லோவா திருப்பிவிட்டதும் பிறகு 1936-இல் கலாக்ஷேத்திரா உருவானதும் நமக்குத் தெரிந்த கதை. நடனம் கற்கிறவர் இசையும் மொழியும் ஓவியமும் அறிந்திருக்க வேண்டும் என்று அடையாறில் ஒருவர் எண்ணியதும், பாலே கற்கிறவர் பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும் என்று யூட்டாவில் ஒருவர் எண்ணியதும் பதினைந்து ஆண்டு இடைவெளியில் நடந்தவை.

காசைப் பற்றியும் பேசியாக வேண்டும். கல்விக் கட்டணம் சுமை. கடன் வாங்கிப் படிப்பவர்கள் உண்டு. பட்டம் வாங்கினால் குழுவில் இடம் நிச்சயம் என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்ல முடியாது. பல குழுக்கள் பயிலுநர் என்ற பெயரில் சொற்பச் சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ இளைஞர்களை வைத்திருக்கின்றன. நான் பார்த்த வகுப்பில் இருந்தவர்களில் மிகச் சிலருக்கே பெரிய மேடை கிடைக்கும். அது அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியும், யாரும் மறைக்கவில்லை. அப்படியானால் மற்றவர்களுக்குக் கற்பித்தது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் ஏதோ ஒரு சிற்றூரில் கடைத்தெரு மாடியில் வகுப்பு எடுப்பார்கள். சிலர் காயம்பட்ட ஆட்டக்காரர்களுக்கு இயன்முறை சிகிச்சை செய்யப் போவார்கள். சிலர் விளக்கு அமைப்பார்கள், உடை தைப்பார்கள், அரங்கம் நடத்துவார்கள். மேடைக்குத் தேறாதவரை வெளியே அனுப்பிவிடும் பள்ளி, அவரோடு சேர்த்து அவர் கற்பிக்கக்கூடிய நூறு பிள்ளைகளையும் அனுப்பிவிடுகிறது. பல்கலைக்கழகம் அவரை வைத்துக்கொள்கிறது.

அதனால்தான், மாலையில் பார்த்த கற்பித்தல் முறை வகுப்பை நாளின் முக்கியமான வகுப்பு என்பேன். இறுதியாண்டு மாணவி ஒருவர் ஆசிரியராக நிற்க, உடன் படிப்பவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளாக நிற்கிறார்கள். வசந்தகாலத்தில் அவருக்குக் குழுத் தேர்வுகள் இருக்கின்றன. தன் ஊரில் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பள்ளிக்கும் வேலை கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டில் எது வந்தாலும் சம்மதம் என்றார், எந்த வருத்தமும் இல்லாமல். பாடம், தாந்து. காலைத் தரையை விட்டு எடுக்காமல், பாதத்தை வழித்து நீட்டி விரல்நுனிக்குக் கொண்டுபோய்த் திரும்ப மூடுவது. ‘பிள்ளைகள்’ கொடுத்த வேலையைச் சரியாகச் செய்தார்கள்: ஒருவர் வேடிக்கை பார்த்தார், ஒருவர் வலதுக்குப் பதில் இடதை நீட்டினார், மூவர் இடுப்பைச் சாய்த்தார்கள்.

முடிந்ததும் பேராசிரியர் எழுந்தார். சொற்கள் நன்றாக இருந்தன, வரிசை சரி என்றார். பிறகு, “உன் வகுப்பில் யாருக்குப் புரியவில்லை?” என்று கேட்டார்.

மாணவி முன்வரிசையைப் பார்த்து இரண்டு பெயர் சொன்னார்.

“பின்வரிசையில்?”

பதில் இல்லை. பாடம் முழுக்க அவர் கண்கள் நன்றாகச் செய்த இருவர் மேலேயே இருந்ததைப் பேராசிரியர் எடுத்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மறுபடி முதலிலிருந்து நடத்தச் சொன்னார். மாணவி அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு, வரிசைகளைத் தன் பக்கம் திரும்பச் சொன்னார். பின்வரிசை முன்வரிசையானது. பியானோ வாசிப்பவரிடம் இன்னும் நிதானமாக, நான்கு எண்ணிக்கை முன்னோட்டத்தோடு வேண்டும் என்று கேட்டுவிட்டு, இடதுகாலை நீட்டியவரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.