உறைந்த எண்ணெயும் ஒரு மாமியாரும்

மார்கழி பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியாததா? முதல் நாள் இரவு தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது, விடியற்காலையில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று சீசாவுக்குள் கல்லாக உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்பாள். சீசாவை வெயிலில் வைப்போம். வெயில் வராவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வைப்போம். அவசரமானால் துடைப்பக் குச்சியை விட்டுக் குடைவோம்.

நாற்பது வருஷமாக இந்தக் காரியத்தைச் செய்து வருகிறவள் நான். இதே சமாசாரம் ஒரு டிரக்கின் வயிற்றுக்குள்ளும் நடக்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதால் என்ன நடந்தது என்பதைத்தான், வெட்கத்தை விட்டு, இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன்.

2018-ஆம் வருஷக் கடைசியில் என் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்துக்குப் போயிருந்தேன். மின்னியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே, கிராமம் என்றும் சொல்ல முடியாமல் பட்டணம் என்றும் சொல்ல முடியாமல் ஓர் ஊரில் அவர்கள் வீடு. என் மாப்பிள்ளைக்கு இரண்டு செல்வங்கள். ஒன்று என் மகள். இன்னொன்று ஒரு பழைய டீஸல் டிரக். முன்னால் இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் நெருக்கியும் உட்காரலாம்; பின்னால் விறகு, மரச் சாமான் எல்லாம் ஏற்றலாம். இரண்டில் எதன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை. மாமியார்கள் சில விஷயங்களை ஆராயாமல் இருப்பது நல்லது.

அந்த டிரக்கின் புகையில் லேசாகப் பலகாரக் கடை வாசனை அடித்தது. "என்ன மாப்பிள்ளை, இதிலே போண்டா போட்டீர்களா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் உற்சாகமாகப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

மினசோட்டாவில் சோயா மொச்சை ஏராளமாக விளைகிறது. அந்த எண்ணெயுடன் மெத்தனால் என்கிற சாராய வகையையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்தால், எண்ணெயிலிருந்து கிளிசரின் பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்தக் கிளிசரின் சோப்புக்குப் போகும். மேலே தெளிந்து நிற்பதுதான் பயோடீஸல். அதைச் சாதாரண டீஸலோடு கலந்து வண்டிக்கு ஊற்றுகிறார்கள். இது புதிய யோசனையும் இல்லையாம். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீஸல் யந்திரத்தைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்களாம். நாம் தாளிக்கிற கடலை எண்ணெய்தான்!

"2005-லிருந்து இந்த மாகாணத்தில் டீஸலில் நூற்றுக்கு 2 பங்கு பயோடீஸல் இருக்க வேண்டும் என்று சட்டம், அத்தை. அமெரிக்காவிலேயே முதல் முதலாக இங்கேதான் கொண்டுவந்தார்கள். படிப்படியாக ஏறி, இந்த வருஷக் கோடையிலே 20 பங்கு ஆகிவிட்டது. குளிர்காலத்திலே மட்டும் 5 பங்குதான்" என்றார்.

குளிர்காலத்தில் ஏன் குறைக்கிறார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஓகோ" என்று சொல்லிவிட்டு வற்றல் குழம்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் ஒரு டிரம் இருந்தது. செப்டம்பர் மாதம் பங்க்கிலிருந்து வாங்கி நிரப்பியது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஜனவரியில் ஒரு நாள் மாலை, டிரக்குக்கு டீஸல் போட மாப்பிள்ளை கிளம்பினார்.

"அதுதான் டிரம்மில் இருக்கிறதே?" என்றேன்.

"அது கோடைக் கலவை, அத்தை. இந்தக் குளிருக்கு ஆகாது. பங்க்கிலே குளிர்காலக் கலவை வைத்திருப்பார்கள். அதோடு முதல் நம்பர் டீஸலும் கொஞ்சம் சேர்த்துப் போடலாம் என்று பார்க்கிறேன். விலைதான் கொஞ்சம் கூட."

விலை கூட என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த குடும்பத் தலைவி விழித்துக்கொண்டாள். கொட்டகைக்குப் போய் டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் பொன்னிறமாகத் தெளிந்து இருந்தது. இருக்காதா? கொட்டகை வீட்டோடு ஒட்டியது. உள்ளே அவ்வளவாகக் குளிர் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறது? குழந்தை பிறக்கப்போகிற வீடு, மாப்பிள்ளை. இருப்பதை வைத்துக்கொண்டு காசைக் கொண்டுபோய்க் கொட்டுவானேன்?" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். வந்த இடத்தில் மாமியார் வாயைத் திறந்து கேட்ட முதல் காரியம். மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. டிரம்மிலிருந்ததை எடுத்து டாங்க்கை நிரப்பினார். எனக்கு 40 டாலர் மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமை.

இரவு பனி கொட்டியது. மறுநாள் காலை மகளை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். எட்டு மாதம் கடந்துவிட்டது. வெளியே உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி காட்டியது. அவளுடைய சின்னக் கார் அந்தப் பனியில் போக லாயக்கில்லை. டிரக்குக்கு நாலு சக்கரமும் இழுக்கும். வாசலில் நின்றிருந்த டிரக்குக்கு இரவு முழுவதும் மின்சாரச் சூடு கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஊரில் மாட்டைத் தொழுவத்தில் கட்டுகிற மாதிரி வண்டியை ஒயரில் கட்டிப்போடுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் யந்திரம் சமர்த்தாகக் கிளம்பியது. "பார்த்தீர்களா?" என்று நான் மாப்பிள்ளையைப் பெருமையாகப் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சூடு யந்திரத்துக்குத்தான். டாங்க்குக்கு யார் கம்பளி போர்த்தினார்கள்?

ஒன்பது பத்து மைல் போயிருப்போம். டிரக் ஒரு தடவை இருமியது. பிறகு, வயதானவர்கள் மாடிப்படி ஏறுகிறாற்போல் வேகம் குறைந்தது. மாப்பிள்ளை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. சாலை ஓரத்துக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை வயல். ஒரு வீடு கண்ணில் படவில்லை.

யந்திரம் நின்றால் உள்ளே உஷ்ணமும் நின்றுவிடும். பத்து நிமிஷத்தில் நாங்கள் விட்ட மூச்சே கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்து கோலம் போட்டது. மாப்பிள்ளை டெலிபோனில் உதவி கேட்டார். பனிச் சாலையாகையால் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். "யாரும் இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் மேல் கோட்டைக் கழற்றி அவள் வயிற்றின்மேல் போர்த்தினார். பின்னால் இருந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்துச் சுற்றினோம். பிளாஸ்க்கில் நான் கொண்டுவந்திருந்த சுக்குக் காப்பியை மகளுக்குக் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்த அவள் கை நடுங்கியது. என் கையும் நடுங்கியது. ஆனால் அது குளிரால் மட்டும் இல்லை. என் 40 டாலர் அந்த வயிற்றின்மேல் பாறாங்கல்லாக உட்கார்ந்திருப்பது போல் எனக்கு ஒரு பிரமை.

சகோதரிகளே, எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

வந்து சேர்ந்தது பனி தள்ளுகிற ஒரு பெரிய லாரி. அதை ஓட்டி வந்தவள் ஒரு பெண்பிள்ளை! என் வயதுதான் இருக்கும். இறங்கி வந்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்ததும் வேறு பேச்சுப் பேசவில்லை. எங்கள் இருவரையும் தன் வண்டியில் ஏற்றி, சூட்டைக் கூட்டிவிட்டு, மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "டாங்க்கில் என்ன இருக்கிறது?"

"கோடைக் கலவை. நான் கவனிக்கவில்லை. என் தப்பு" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் க்ஷேமம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் பட்டறைக்கு நானும் போனேன். மெக்கானிக் பில்டரைக் கழற்றிக் காட்டினார். அதற்குள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக, குழைந்து, அடைத்துக்கொண்டு... எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் அது. மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய்!

அன்றைக்குத்தான் மாப்பிள்ளையிடம் உட்கார்ந்து முழுப் பாடமும் கேட்டேன். எண்ணெய்க்கு எண்ணெய் குணம் வேறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். பனை எண்ணெயிலும் மாட்டுக் கொழுப்பிலும் செய்த பயோடீஸல் நம் ஊர்க் குளிருக்கே கலங்கும். சோயாவில் செய்தது ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி வரை தாங்கும். அதற்காகப் பழியை முழுக்கச் சோயா தலையில் போடக் கூடாது. சாதாரண டீஸலிலும் மெழுகு உண்டு. கோடைக்கென்று வடித்த டீஸல் குளிரில் அதுவும் கலங்கும். முதலில் மேகம் போலக் கலங்கும், பிறகு மெழுகுத் துகள் பில்டரை அடைக்கும், கடைசியில் கூழாகிவிடும். முதல் நம்பர் டீஸல் மண்ணெண்ணெய் போல் மெல்லியது, கடுங்குளிரையும் தாங்கும். அதனால்தான் அதைக் கலக்கிறார்கள். உறையாமல் இருக்க ஒரு மருந்தும் விற்கிறது. ஆனால் எண்ணெய் தெளிவாக இருக்கும்போதே ஊற்றிக் கலக்க வேண்டும். உறைந்த பிறகு ஊற்றுவது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்கிற கதைதான். பயோடீஸல் டீஸலைவிடக் கனம். குளிரில் சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும். பழைய டாங்க்கின் அழுக்கையெல்லாம் சோப்புப் போட்டாற்போல் கரைத்துக்கொண்டு வருவதால், புதிதாக ஊற்றுகிறவர்கள் உபரியாக ஒரு பில்டர் கையில் வைத்திருக்க வேண்டும்.

டிரக்கை ஒரு நாள் முழுவதும் பட்டறைச் சூட்டில் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே இருந்தது தானாகவே இளகிவிட்டது. இழுத்து வந்த கூலி, பில்டர், புது டீஸல் எல்லாம் சேர்த்து 300 டாலருக்கு மேல். ஐந்தாறு நாள் கழித்து, ஜனவரி கடைசியில், தபால்காரர்கூட வராமல் நின்றுவிட்ட அந்தப் பிரசித்தமான குளிர் வந்தது. மின்னியாபொலிஸில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாண்டியது. அப்போது டிரக் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது, முறையான கலவையில்.

ஓடாமல் நின்றது என் மனசுதான். மகள் ஒவ்வொரு நாளும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்: "எல்லாம் தெரிந்த நீங்களா இப்படிச் செய்தீர்கள்? அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?" அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்த்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் பேரன் பிறந்தான். தொட்டிலில் போட்ட அன்று, நாலு சிநேகிதிகள் கூடியிருக்கும்போது மகள் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தாள். நான் எழுந்து நின்றேன். "அவரைச் சொல்லாதே. வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். ஊற்றச் சொன்னது நான்" என்றேன்.

ஒரு கணம் நிசப்தம். மகள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "அப்படியானால், ஒரு மாதமாக நான் இவரைத் திட்டினதெல்லாம்?"

"எனக்கு வரவேண்டியது. வட்டியோடு கொடுத்துவிடு."

மாப்பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னார்: "என் தப்பும் இருக்கிறது, அத்தை. வண்டி விஷயம் எனக்குத் தெரியும். உங்களிடம் 'கூடாது' என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை டாங்க்கிலே ஊற்றியிருக்கக் கூடாது."

அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சமையல் விஷயத்தில் அவர் "கூடாது" என்று சொல்லமாட்டார். வண்டி விஷயத்தில் தாராளமாகச் சொல்வார்.

போன மார்கழியில் ஒரு நாள் பேரன் டெலிபோனில் என் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். நான் எண்ணெய்ச் சீசாவைக் கையில் வைத்துக் குச்சியால் குடைந்துகொண்டிருந்தேன். அவன் அதை உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கத்தினான்:

"அப்பா! பாட்டி மறுபடியும் கோடைக் கலவை வாங்கிவிட்டாள்!"