பொறி பூண்ட மிதிவண்டி

நுழையும்முன்

ஒரு கருவிக்கு வலிமை சேர்ப்பது எளிது; சேர்த்த வலிமையை அக்கருவி தாங்குமாறு செய்வது அரிது. மிதிவண்டியில் சிறிய எஞ்சினைப் பொருத்திச் சீர்செய்யும் பொழுதுபோக்கு இவ்வுண்மையைக் கைகளின் வழியே கற்பிக்கிறது. போரில் சிதைந்த நகரம் ஒன்றில் அத்தகைய வண்டியை உருவாக்கிய ஒருவரின் பட்டறிவையும் அக்கலையின் நுட்பங்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஓர் ஆளின் ஆற்றல்

மிதிவண்டி, மனித உடலையே எஞ்சினாகக் கொண்ட ஊர்தி. உடல்நலம் மிக்க ஒருவர் தளராமல் நெடுநேரம் மிதிக்கும்போது வெளிப்படுத்தும் திறன் ஏறத்தாழ 75 முதல் 100 வாட் வரை இருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். எனவே, அரைக் குதிரைத்திறன் கொண்ட மிகச் சிறிய எஞ்சின்கூடக் களைப்பறியாத நான்கைந்து மனிதர்களுக்கு ஒப்பாகும். ஆனால், மிதிவண்டியின் சட்டகமும் சக்கரக் கம்பிகளும் தடைக்கட்டைகளும் ஓர் ஆளின் ஆற்றலைக் கருதி அமைக்கப்பட்டவை. நான்கைந்து பேரின் வலிமையை அவை எவ்வாறு தாங்கும்? மிதிவண்டிக்கு எஞ்சின் பூட்ட முனையும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே.

ஹமாமட்சுவில் ஒரு பட்டறை

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஜப்பானின் ஹமாமட்சு நகரம் குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தது. பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. உணவுப்பொருள் தேடி மக்கள் மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று வந்தனர். அந்நகரில் 1946ஆம் ஆண்டு சொய்ச்சிரோ ஹோண்டா சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1906இல் பிறந்த அவர், ஒரு கொல்லரின் மகன். பதினைந்து வயதிலேயே டோக்கியோ சென்று, மோட்டார் வண்டிகளைப் பழுதுநீக்கும் பட்டறையில் தொழில் கற்றவர்.

தம் நண்பரின் இல்லத்தில் அவர் ஒரு சிறிய எஞ்சினைக் கண்டார். படையினரின் வானொலிக் கருவிக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது அது. போர் முடிந்தபின் அதற்குப் பயனில்லை. அதனை மிதிவண்டியில் பூட்டலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. எரிபொருள் கலம் வேண்டுமே! குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் நிரப்பி வைக்கும் வீட்டுக் கலமே எரிபொருள் கலமாயிற்று.

முதலில் எஞ்சினை முன்சக்கரத்தின் பக்கம் வைத்து, ரப்பர் உருளையொன்று டயரைத் தேய்த்துச் சுழற்றுமாறு அமைத்தார். இதன் கணக்கு எளிமையானது. 66 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தை 6 செ.மீ. விட்டமுள்ள உருளை சுழற்றுவதாகக் கொள்வோம். உருளை 11 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். எஞ்சினோடு நேரே இணைந்த உருளை நிமிடத்திற்கு 3,300 முறை சுழன்றால் சக்கரம் 300 முறை சுழன்று, வண்டி மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ. விரைவில் ஓடும். கணக்குச் சரிதான், ஆனால், அன்றைய தரங்குறைந்த டயர்கள் அத்தேய்ப்பைத் தாங்கவில்லை. எனவே, எஞ்சினைச் சட்டகத்தின் நடுவே கொண்டுவந்து, பட்டையின் வழியே பின்சக்கரத்தை இயக்கினார். எடை நடுவில் அமைந்தது. டயரின் தேய்மானமும் தவிர்ந்தது.

குறை சொன்னவர்

அவ்வண்டியை ஓட்டிப் பார்த்தவர் அவருடைய மனைவி சச்சி. மக்கள் நடமாடும் தெருக்களில் ஓட்ட வேண்டும் என்பதற்காகத் தம்மிடமிருந்த நல்ல உடையை அவர் உடுத்திச் சென்றார். திரும்பி வந்தபோது உடையெங்கும் எண்ணெய். கார்புரேட்டருக்குள் செல்ல வேண்டிய எரிபொருள் கலவையில் ஒரு பகுதி அதன் வாய்வழியே வெளியே தெறித்திருந்தது. இந்நிலையில் விற்றால் வாங்குவோர் திட்டுவர் என்று சச்சி குறை கூறினார். பிறர் சொல்லை எளிதில் ஏற்காத ஹோண்டா அன்று அதனை ஏற்றார். விற்பனைக்குச் சென்ற வண்டிகளில் அக்குறை நீக்கப்பட்டது. படைத்தவரின் காது எஞ்சினின் முழக்கத்தில் மகிழ்ந்திருக்கும்போது, அமர்ந்து ஓட்டியவரின் உடையே உண்மையைச் சொல்லிற்று.

எஞ்சினின் மொழி

எஞ்சினைப் பூட்டுவது பாதி வேலை. அதனைச் சீர்செய்வது மறுபாதி. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் இடம்பெறுவது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் மசகெண்ணெய்க்குத் தனி அறை இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் வெப்பத்தால் உருளையோடு இறுகிவிடும். மிகுந்தால் புகையும் கரியும் சேரும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப்போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. இவ்விகிதத்தைக் காப்பது கார்புரேட்டரின் பணி. அதன் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. சிறிது தூரம் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை செம்மையானது. கரிபடிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, வெப்பம் மிகுதி. வெளுத்த முனையைக் கண்டும் விரைந்து ஓட்டுபவர் எஞ்சினை இழப்பார்.

இங்கே பின்பற்ற வேண்டிய நெறி ஒன்று உண்டு. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். எண்ணெய் அளவையும் கார்புரேட்டரையும் ஒரே நேரத்தில் மாற்றினால், நேர்ந்த நன்மைக்கோ தீமைக்கோ எது காரணம் என அறிய இயலாது. மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி, ஓட்டிப்பார்த்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஆய்வகத்தில் மாணவர் கற்கும் நெறியும் இதுவே அன்றோ!

கைத்திறன் மட்டும் போதாது என்பதை ஹோண்டா முன்னரே அறிந்திருந்தார். போருக்கு முன் அவர் பிஸ்டன் வளையங்கள் செய்ய முயன்றார். முதலில் அம்முயற்சி கைகூடவில்லை. உலோகத்தின் இயல்பை அறியாமையே காரணம் என உணர்ந்து, முப்பது வயதை எட்டிய நிலையிலும் தொழில்நுட்பப் பள்ளியில் இளைஞர்களோடு அமர்ந்து பாடம் கேட்டார்.

ஒலியே பெயராக

பழைய எஞ்சின்கள் ஏறத்தாழ 500 விற்றுத் தீர்ந்தன. இனித் தாமே எஞ்சின் செய்ய வேண்டும் என்ற நிலையில், 1947இல் 50 கன செ.மீ. கொள்ளளவுள்ள ‘ஏ’ வகை எஞ்சின் பிறந்தது. அவ்வண்டிகள் எழுப்பிய ஒலியைக் கொண்டு மக்கள் அவற்றைப் ‘பட்டா பட்டா’ என்று அழைத்தனர். அதே காலத்தில் இத்தாலியிலும் மிதிவண்டியில் பூட்டும் எஞ்சின் ஒன்று உருவாகியிருந்தது. அதன் பெயர் ‘குச்சோலோ’. நாய்க்குட்டி என்பது பொருள். அதற்கும் ஒலியே பெயர் தந்தது. 1948இல் ஹோண்டாவின் பட்டறை நிறுவனமாக வளர்ந்தது. பின்னாளில் ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்து நம் சிற்றூர்ச் சாலைகளில் ஓடிய டிவிஎஸ் 50, மிதிகட்டையும் எஞ்சினும் இணைந்த இம்மரபைச் சேர்ந்ததே.

தடையே முதல்

இன்றும் உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் தம் வீட்டுக் கொட்டகைகளில் இத்தகைய வண்டிகளைச் செய்கின்றனர். அவர்களுள் தேர்ந்தவர்கள் எஞ்சினை வாங்குவதற்கு முன்பே தடைகளைச் செம்மைப்படுத்துவர். இயற்பியல் கூறும் காரணம் தெளிவானது. இயக்க ஆற்றல் விரைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மணிக்கு 15 கி.மீ. விரைவில் சென்ற வண்டி 30 கி.மீ. விரைவை எட்டினால், அதனை நிறுத்தத் தடைகள் செய்யவேண்டிய வேலை நான்கு மடங்காகும். மேலும், எஞ்சினின் ஓயாத அதிர்வு திருகுகளைத் தளர்த்தும். சங்கிலியை நேர்கோட்டிலிருந்து விலக்கும்.

நம் நாட்டில் சட்டமும் கருதத்தக்கது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, நான்கிற்கும் குறைந்த சக்கரங்களும் 25 கன செ.மீ.க்கு மிகாத எஞ்சினும் உடைய வண்டியை மோட்டார் வாகனம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. அதற்கு மேற்பட்ட எஞ்சினைப் பூட்டினால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் இன்றிப் பொதுச்சாலையில் செலுத்தலாகாது.

ஆகவே, இக்கலையில் தேர்ந்தவர் ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் ஒரு சுற்று வந்து பார்ப்பார். தடைக்கட்டை, சக்கரக் கம்பி, திருகு, சங்கிலி ஆகிய ஒவ்வொன்றையும் தொட்டு உறுதி செய்வார். அதன் பின்னரே தலைக்கவசம் அணிந்து எஞ்சினை இயக்குவார்.